கொடைக்கானல்–மூணாறு சாலை: வண்டி ஓடாத மலைச்சாலையின் வரலாறு

கொடைக்கானல்–மூணாறு சாலை என்பது பழனி மலைத்தொடரின் மேற்குப் பகுதி வழியாகத் தமிழ்நாட்டின் கொடைக்கானலையும் கேரளத்தின் மூணாறையும் இணைத்த மலைச்சாலை. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வந்தரவு சிகரத்தின் அருகில் கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை எட்டியதால், இமயமலைக்குத் தெற்கே மிக உயரமான சாலைகளில் ஒன்றாகக் கருதப்பட்டது. கொடைக்கானல் பக்கத்தில் கோஷன் சாலை என்றும், பொதுவழக்கில் ‘எஸ்கேப் ரோடு’ என்றும் அழைக்கப்பட்டது. 1990-இல் பொதுப்போக்குவரத்துக்கு மூடப்பட்டது. அதன்பின் நடுப்பகுதியைக் காடு எடுத்துக்கொண்டது.

மோட்டார் வண்டி இல்லாத, தார் போடாத மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவது இன்று உலகெங்கும் ஒரு தனி விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கிராவல் பைக்கிங்’ எனப்படும் இதைத் தமிழில் சரளை மிதிவண்டி ஓட்டம் எனலாம். மதுரையிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இந்த விளையாட்டுக்கென்றே போட்டதுபோலத் தோன்றும் பாதை கொடைக்கானல்–மூணாறு சாலைதான். அதில் ஓட்ட முடியாது என்பதும், ஏன் முடியாது என்பதும் இச்சாலையின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளன.

சாலைக்கு முன்

பழனி மலையில் மனிதர் நடமாட்டம் மிகப் பழமையானது. தாண்டிக்குடி முதலிய ஊர்களைச் சுற்றிக் கற்திட்டைகள் காணப்படுகின்றன. செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியைச் சேர்ந்த ஆங்கிளேடு பாதிரியாரும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே பொதிமாடுகள் செல்லும் தடங்கள் பல இருந்தன. உப்பும் துணியும் மேலே ஏறின. பூண்டும் தேனும் ஏலமும் கீழே இறங்கின. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்கள் இத்தகைய தடங்களை நம்பியே வாழ்ந்தன.

மேற்கே அஞ்சுநாடு எனப்படும் மறையூர், காந்தளூர்ப் பகுதியிலும் வட்டவடையிலும் தமிழ் பேசும் வேளாண் குடிகள் வாழ்கின்றனர். மதுரையில் அரசியல் குழப்பம் ஏற்பட்டபோது மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அஞ்சுநாட்டு மக்களின் மரபு. முதுவர் பழங்குடியினரும் மதுரையிலிருந்து தெய்வச் சிலையை முதுகில் சுமந்து வந்ததாகத் தங்கள் பெயருக்கே விளக்கம் சொல்வர். மதுரைத் தொடர்பு பற்றிய இந்த நம்பிக்கையை எட்கர் தர்ஸ்டனும் 1909-இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தம் தொகுப்பில் குறிப்பிட்டுள்ளார். இவை வாய்மொழி மரபுகள். ஆண்டு சொல்லி நிறுவ இயலாதவை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. வெள்ளையர் இச்சாலைக்குத் ‘தப்பிக்கும் பாதை’ என்ற பெயர் கிடைக்கக் காரணமாவதற்கு நெடுங்காலம் முன்பே, மதுரைச் சமவெளியிலிருந்து தப்பி வருவோரின் அடைக்கலமாகவே இந்த மலைகள் மக்கள் நினைவில் இருந்துள்ளன.

குதிரைப்பாதையும் டோலியும்

ஆங்கிலேயர்களில் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு 1821-இல் பழனி மலையை நில அளவை செய்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள், காலராவாலும் காய்ச்சலாலும் குடும்பத்தினரை அடுத்தடுத்து இழந்த நிலையில், 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1860-களில் ஏரியை உருவாக்கினார். ஊர் வளர்ந்தது, சாலை மட்டும் வரவில்லை.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு இரயில் வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, ஓரிரவு முழுவதும் மாட்டுவண்டியில் பயணம் செய்து பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்தனர். அங்கிருந்து செண்பகனூர் வரை ஏறத்தாழ 12 மைல் குதிரைப்பாதை. வசதியுள்ளவர்கள் மட்டக்குதிரையில் ஏறினர். மற்ற ஐரோப்பியர்களை நாற்காலி கட்டிய டோலியில் கூலியாட்கள் தூக்கிச் சென்றனர். பெட்டி, படுக்கை, பியானோ வரை எல்லாம் தலைச்சுமையாகவே மலையேறின. இன்று மலைப்பாதையின் ‘சவால்’ என்று சுற்றுலாத் துண்டறிக்கைகளில் எழுதப்படுவது அன்று சிலருக்குத் தினக்கூலி வேலை என்பதை மறந்துவிடலாகாது.

வண்டிப்பாதைக்கான திட்டம் 1870-களிலேயே தொடங்கியது. மேஜர் லா வகுத்த வழி என்பதால் அது ‘லா மலைச்சாலை’ எனப்பட்டது. பணம் இல்லாமல் பலமுறை நின்று, 1910-களின் நடுவில்தான் வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டி ஏறும் நிலை வந்தது. இரண்டு வழிகளையும் ஒப்பிட்டால் மலைச்சாலைப் பொறியியலின் அடிப்படை விளங்கும். குதிரைப்பாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தைப் பன்னிரண்டு மைலில் ஏறியது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயர்வு. புதிய சாலை அதைவிடச் சற்று அதிகமான ஏற்றத்தை ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டிப் பரப்பியது. நூறு மீட்டருக்கு மூன்று அல்லது நான்கு மீட்டர்தான். பாரம் இழுக்கும் மாட்டின் மூச்சை அளவாக வைத்துப் போடப்பட்ட சரிவு அது. மாட்டுக்கு ஏற்ற சரிவு மிதிவண்டிக்கும் ஏற்றதாக அமைந்தது தற்செயல். மலைநாடுகளில் பழைய வண்டிப்பாதைகளை மிதிவண்டிக்காரர்கள் தேடிப்போவதற்கு இதுவே காரணம்.

சமவெளியின் வண்டி

மிதிவண்டி மதுரைக்கு அந்நியமானதல்ல. 1885-இல் ஸ்டார்லியின் ‘பாதுகாப்பு மிதிவண்டி’யும் 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபின் சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவை எட்டியது. அமெரிக்கத் தம்பதியர் ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்கோடி முதல் இமயம் வரை மிதிவண்டியில் சுற்றி, 1904-இல் பயணநூல் வெளியிட்டனர். பதினான்காயிரம் மைல் ஓட்டியதாகச் சொல்லும் அந்நூலின் தலைப்பிலேயே ‘இந்தியச் சமவெளி’ என்று இருக்கிறது. இமயமலைக்குப் போனதும் அவர்கள் மிதிவண்டியை விட்டுவிட்டுக் கால்நடையாகவே ஏறினர். மிதிவண்டி சமவெளிக்கான வண்டி. மலைக்குக் கால் அல்லது குதிரை. அக்காலத்தில் அனைவரும் கொண்டிருந்த எண்ணம் இதுவே.

1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு ஹெர்குலிஸ் வண்டிகள் பரவிய பிறகு, மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சைக்கிள் உழைப்பவரின் வண்டியாயிற்று. வில்லாபுரம், அவனியாபுரம் போன்ற தென்மதுரைப் பகுதிகளிலிருந்து ஆலைக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போனவர்கள் பலர். பால்கேன், தண்ணீர்க்குடம், வாழைத்தார், துணிமூட்டை என்று கேரியரில் ஏறாத பொருள் குறைவு. தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் எடுத்துக் குரங்குப்பெடல் போட்டுப் பழகிய தலைமுறைகள் உண்டு. அந்த வண்டிகள் ஓடிய பாதைகளில் பெரும்பகுதி கண்மாய்க்கரையும் செம்மண் தடமும் கப்பி ரோடும்தான். சரளையில் ஓட்டுவது ஒரு விளையாட்டு என்று எவரேனும் அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தார் ரோடு வராத ஊர்க்காரனுக்கு அது விளையாட்டல்ல, குறை.

கோஷன் சாலையும் போர்க்காலமும்

கொடைக்கானலுக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் தொலைவில் பேரிஜம் ஏரி உள்ளது. 1860-களில் இப்பகுதியைச் சுற்றி வரைபடங்களும் கோட்டோவியங்களும் தயாரித்த இராணுவ அதிகாரி டக்ளஸ் ஹாமில்டனின் பெயரால் அவ்விடம் ஹாமில்டன் கோட்டை எனப்பட்டது. பெயரில் இருந்த கோட்டை தரையில் இருந்ததில்லை. அதற்கு அப்பால் மேற்கே உயர்ந்த புல்வெளிகளும், மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக்காடுகளும் விரிகின்றன. வேட்டைக்காரர்களும் வனத்துறையினரும் போய்வந்த தடம் ஒன்று அவ்வழியே மூணாறுப் பக்கம் சென்றது.

1924 முதல் 1929 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கோஷன் பிரபுவின் பெயரில் கொடைக்கானல் பக்கத்துச் சாலை அமைந்தது. அது தொடங்குமிடத்தில் உள்ள மோயர் முனை, ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த சர் தாமஸ் மோயரின் பெயர் தாங்கியது. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் இடமாக அதை அறிவர். ஒரு மாநில எல்லையைக் கடக்கும் சாலையின் தலைவாசல் அது என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் இரண்டாம் உலகப்போருடன் தொடர்புடையது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பும், 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் தாக்குதலுக்குள்ளாயின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். கிழக்குக் கடற்கரையில் படையிறக்கம் நிகழ்ந்தால் கொடைக்கானலில் உள்ள ஐரோப்பியர்கள் மலை வழியாகவே மூணாறை அடைந்து கொச்சித் துறைமுகத்துக்குச் செல்லலாம் என்பதற்காகச் சாலை செப்பனிடப்பட்டது என்பர். படையிறக்கம் நிகழவில்லை, எவரும் அவ்வழியே தப்பிக்க நேரவில்லை. ஒருமுறைகூட அதற்காகப் பயன்படாத காரணமே சாலையின் பெயராக நிலைத்துவிட்டது.

மறுமுனை: டாப் ஸ்டேஷன்

சாலையின் மேற்கு முனைக்கு வேறொரு வரலாறு உண்டு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காப்பி, சின்கோனா எனச் சோதித்துப் பார்த்தபின் தேயிலை வென்றது. விளைந்த தேயிலையைக் கீழே இறக்குவதே பெரும் சிக்கல். மலையின் கிழக்குச் சரிவு போடிநாயக்கனூரை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. வண்டி போட இடமில்லை. எனவே 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள இரயில் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் உச்சி நிலையமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் தேயிலைப் பெட்டிகள் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடியை அடைந்தன. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. 1908-இல் ஒற்றைத் தண்டவாளம் குறுகிய இரட்டைத் தண்டவாளமாக மாற்றப்பட்டது.

1924 சூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், பெய்த பெருமழையில் அந்த இரயில்பாதை அழிந்தது, மீண்டும் போடப்படவில்லை. ஆலுவாவிலிருந்து பூயம்குட்டி வழியாக மூணாறுக்கு வந்த பழைய சாலையும் அதே வெள்ளத்தில் போயிற்று; பின்னர் வேறு வழியாகப் புதிய சாலை வந்ததால் பழையது காட்டுக்குள் மறைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலை என்பது ஒருமுறை போட்டால் என்றும் நிலைக்கும் பொருளல்ல. ஆண்டுதோறும் மதகைத் தூர்வாரி, சரிந்த மண்ணை அள்ளி, தடுப்புச்சுவரைக் கட்டிக்கொண்டே இருந்தால்தான் அது சாலை. ஐந்தாறு மழைக்காலம் கவனிக்காவிட்டால் கப்பியின்மேல் புல் முளைக்கும். பத்து ஆண்டில் சீகை மரம் முளைக்கும். கொடைக்கானல்–மூணாறு சாலைக்கும் அதுவே நேர்ந்தது.

மூடப்பட்டது

விடுதலைக்குப் பின் சாலை மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் இடம்பெற்றது. ஜீப்புகளும் கார்களும் ஓடின. ஆனால் பெரும்பகுதியில் ஊர் கிடையாது. மலையின் இருபுறமும் வளர்ந்த கிராமங்கள் கீழ்மட்டச் சாலைகளைச் சார்ந்திருந்தன. எல்லையின் இரு பக்கமும் இரண்டு மாநிலங்கள், நடுவில் காடு, பராமரிப்புச் செலவு யார் தலையில் என்பது எப்போதும் இழுபறி. இறுதியில் 1990-இல் சாலை மூடப்பட்டது. கஞ்சாக் கடத்தல், மரம் வெட்டல், வேட்டை ஆகியவற்றைத் தடுக்கவே மூடப்பட்டது என்ற விளக்கமும் மக்களிடையே வழங்குகிறது.

விளைவு எளிதில் கணக்கிடக்கூடியது. கொடைக்கானலிலிருந்து மூணாறு செல்வோர் இன்று வத்தலகுண்டுப் பக்கமோ பெரியகுளம் பக்கமோ சமவெளிக்கு இறங்கி, தேனி, போடி வழியாக மீண்டும் போடிமெட்டு ஏற வேண்டும். தொலைவு ஏறத்தாழ இருமடங்கு. சாலையைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் எழுகிறது. கோருவோரில் விடுதிக்காரர்களும் வாடகைக்கார் ஓட்டுநர்களும் மட்டுமல்லர், மேல்மலை விவசாயிகளும் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இலும் காந்தளூர்–வட்டவடைப் பூண்டு 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஒரே மலையின் இரு முகங்களில் விளையும் பயிர். இடையே நேர்வழி கிடையாது.

மூடலின் மறுபக்கமும் தெளிவானது. சாலை மூடிய பிறகே இப்பகுதி பாதுகாக்கப்பட்ட காடாக அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டது. கேரளப் பகுதியில் பாம்பாடும் சோலை 2003-இல் தேசியப் பூங்காவானது. 2006-இல் வட்டவடை, கொட்டாக்கம்பூர்ப் பகுதியில் நீலக்குறிஞ்சிக்கென்றே குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியில் 2013-இல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் உருவானது. சாலை இப்போது காட்டெருமையும் செந்நாயும் நடக்கும் வழி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் இம்மலைகளில் பூத்தது. பூக்காலத்தில் வாகனம் செல்லும் பகுதிகளில் ஏற்பட்ட நெரிசலைக் கண்டவர்கள், சாலை திறந்தால் என்னவாகும் என்பதைத் தனியாகக் கற்பனை செய்யத் தேவையில்லை.

இதைத் தூய காடு என்று புகழ்வதிலும் மிகை உண்டு. புல்வெளிகளில் கணிசமான பகுதியில் சீகை, பைன், யூகலிப்டஸ் ஆகியவற்றை நட்டவர்கள் அரசுத் துறையினரே. மூடிய சாலையின் இருமருங்கும் பல இடங்களில் நிற்பவை அந்த அயல் மரங்கள்.

சரளை மிதிவண்டியின் வருகை

இந்தக் காலத்தில் வேறிடங்களில் மிதிவண்டி மலையேறக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1955-இலேயே கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோருக்கென்று ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்ற கழகம் தொடங்கப்பட்டது. கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைக்கு அருகே காட்டுத்தீயை அணைக்கப் போட்ட மண்சாலையில், 1976 முதல் இளைஞர்கள் பழைய வண்டிகளில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டனர். மலை மிதிவண்டி அங்கே பிறந்தது. 1997-இல் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ‘லெரோயிகா’ என்ற ஓட்டம் தொடங்கியது. தார் போடாத வெள்ளைச் சரளைச் சாலைகள் அழிந்துபோகாமல் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2006-இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பண்ணைச் சாலைகளில் நீண்டதூரச் சரளைப் பந்தயம் தொடங்கியது. 2022-இல் பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் சரளை ஓட்டத்துக்கு முதல் உலகப்போட்டியை இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடத்தியது.

சரளை வண்டி, பந்தய சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது. வளைந்த கைப்பிடி பந்தய வண்டியைப் போன்றது. டயர் 40 மில்லிமீட்டர் அளவில் அகலமானது. காற்றழுத்தம் குறைவாக வைக்கப்படும். செங்குத்து ஏற்றத்துக்கான சிறு பற்சக்கரமும் வட்டுத்தடையும் உண்டு. தார் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் போய், மண்பாதையில் இன்னொரு ஐம்பது கிலோமீட்டர் போகலாம். குளங்கரைப் பாதையில் அகலமான டயருடன் ஓடிய பழைய ஹெர்குலிஸ் வண்டியை நினைத்தால், அடிப்படை எண்ணத்தில் புதுமை அதிகமில்லை. புதுமை பற்சக்கரத்திலும் தடையிலும் விலையிலும்தான்.

இந்த விளையாட்டு நடக்கும் பாதைகள் பெரும்பாலும் வேறு எதற்காகவோ போடப்பட்டவை. தீயணைப்புச் சாலை, மரம் ஏற்றும் சாலை, ஆல்ப்ஸ் மலையில் படைகளுக்காக வெட்டிய சாலை. இத்தாலியின் அசியெட்டா சாலை இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மலைமுகட்டில் ஓடும் பழைய இராணுவச் சாலை. கோடையில் குறிப்பிட்ட கிழமைகளில் அதில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு மிதிவண்டிகளுக்கும் நடப்போருக்கும் விடுகின்றனர். போர்க்காரணம், உயரம், சரளை என எல்லாவற்றிலும் கொடைக்கானல்–மூணாறு சாலைக்கு நெருங்கிய உறவு அது. வேறுபாடு விலங்கில் இருக்கிறது. அசியெட்டாவில் எதிரே வருவது பெரும்பாலும் மேய்ச்சல் பசு. வந்தரவில் வருவது ஒரு டன் எடையை நெருங்கும் காட்டெருமை. சத்தமின்றி வளைவில் இறங்கும் மிதிவண்டி அதற்கு முன்னறிவிப்பே தருவதில்லை. மோட்டார் வண்டி இல்லாமையே விலங்குக்குத் தொல்லை இல்லாமை என்று கொள்வது தவறு.

தமிழ்நாட்டில் மலைச்சாலை மிதிவண்டி ஓட்டம் நீலகிரியில் பெயர் பெற்றது. 2008-இல் தொடங்கிய நீலகிரிச் சுற்று அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் அது தார்ச்சாலையில், பிற வண்டிகளுக்கு நடுவே நடப்பது. தேனி மாவட்டத்தில் சரளைப் பாதைகளுக்குக் குறைவில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதை கல்லும் குழியுமானது. ஆயினும் விடியற்காலையிலேயே ஜீப் வரிசை தொடங்கிவிடுகிறது. ஆக, சரளை உள்ள இடத்தில் வண்டி உண்டு. வண்டி இல்லாத இடத்தில் அனுமதி இல்லை.

குரங்கணி

அனுமதி என்ற சொல்லின் எடையை 2018 மார்ச் 11 உணர்த்தியது. குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினர். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலர்ந்த புல் ஆளுயரம் நிற்கும் மாதம் அது. காற்று மேல்நோக்கி வீசும்போது புல்வெளித் தீ மனிதன் ஓடுவதைவிட விரைவாகச் சரிவில் ஏறும். பாதை அறியாதவர்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்கவில்லை.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில், வழிகாட்டியுடனும் முன்பதிவுடனும் செல்லக்கூடிய 40 வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அவை நடப்பவர்களுக்கானவை. சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி தரும் பொறுப்பைத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் வைத்திருக்கிறது. ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா முதலியவை அனுமதி தரக்கூடிய நோக்கங்கள். மிதிவண்டிச் சுற்றுலாவுக்கு அனுமதி தரச் சட்டம் தடையாக இல்லை. தந்தே ஆக வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. பருவம் பார்த்து, குழுவின் அளவை வரையறுத்து, உள்ளூர் வழிகாட்டிகளுக்கு வருமானம் கிடைக்கும்படி வந்தரவுப் பாதையைத் திறப்பது எண்ணிப்பார்க்க இயலாத திட்டமல்ல. ஆனால் முதலில் மிதிவண்டி, பிறகு ‘அவசர’ ஜீப், பிறகு எல்லாரும் என்ற வரிசையில் மலைப்பாதைகள் திறந்துகொண்ட அனுபவம் வனத்துறைக்கு உண்டு. அத்துறையின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

சாலை கேட்கும் ஊர்

வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்குச் செல்லும் பழைய தடத்தில் வெள்ளக்கெவி என்ற சிற்றூர் உள்ளது. கொடைக்கானல் நகரம் தோன்றுவதற்கு முன்பிருந்தே மக்கள் வாழும் ஊர் அது. மலையேற்றக்காரர்கள் விரும்பிச் செல்லும் பாதை. வண்டிச் சத்தம் கிடையாது. நோயாளியையும் பிரசவ வலி கண்ட பெண்ணையும் டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகள் அங்கிருந்து பலமுறை வந்துள்ளன. ஐரோப்பியரைச் சுமந்த டோலி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதே மலையில், அதே மூங்கில் கழியில், சொந்த ஊராரைச் சுமக்கும் டோலி அதற்கு நூறாண்டு கழித்தும் ஓயவில்லை. அவ்வூரார் கேட்பது தார்ச்சாலை.

வண்டியில்லாத பாதையை அழகாகக் காண்பவர் அதன் முடிவில் ஒரு தார்ச்சாலையும் மருத்துவமனையும் இருப்பதை நம்பியே அதில் இறங்குகிறார். வந்தரவுப் பகுதியில் ஊர் இல்லை; ஆகவே அங்கே சாலையை மூடி வைப்பதால் ஆகும் இழப்பு பெரும்பாலும் சுற்றுவழிச் செலவும் நேரமும். வெள்ளக்கெவியின் கணக்கு வேறு. இரண்டையும் ‘மலைச்சாலைப் பிரச்சினை’ என்று ஒரே தலைப்பில் போட்டுப் பேசுவதால் இரண்டுக்கும் நியாயம் கிடைப்பதில்லை.

இன்றைய நிலை

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வரையிலான பகுதி வனத்துறையின் அனுமதிச்சீட்டுடன், எண்ணிக்கை வரையறுத்த வாகனங்களுக்குப் பகல்நேரத்தில் மட்டும் திறக்கப்படுகிறது. யானை நடமாட்டம் இருக்கும் நாட்களில் அதுவும் நிறுத்தப்படும். மறுமுனையில் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை 32 கிலோமீட்டர் தார்ச்சாலை. அங்கிருந்து பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வட்டவடை செல்லும் சாலை பகலில் திறந்திருக்கிறது. போடிநாயக்கனூருக்கு 1928-இல் வந்த இரயில், போர்க்காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1953-இல் திரும்பி, அகலப்பாதைக்காக 2010-இன் இறுதியில் மீண்டும் நின்று, 2023 சூனில் மறுபடி ஓடத் தொடங்கியது. மதுரையிலிருந்து இரயிலில் போடி வந்து, போடிமெட்டு ஏறி, டாப் ஸ்டேஷன் வரை மிதிவண்டியில் செல்வதற்குத் தடையில்லை. பாம்பாடும் சோலையில் வட்டவடைச் சாலை பிரியுமிடத்தில் பழைய சாலை கிழக்கே திரும்புகிறது. அங்கே வனத்துறையின் தடுப்பு இருக்கிறது. பேரிஜத்தில் இன்னொரு தடுப்பு. இரண்டுக்கும் நடுவில்தான் வந்தரவு.